மானுக்கு ஒரு நிமிடம்

வேட்டைக்கென்று முதல் துப்பாக்கி வாங்க இன்று போயிருந்தேன். குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கும் வகை.

வெள்ளைக்காரக் கடைக்காரர், குண்டு சரியான ஆழத்துக்கு இறங்கியதா என்று பார்க்க அந்தக் கம்பியில் அளவுக்கோடு கீறித் தந்தார். "ஒரு வெடிதான். திரும்ப நிரப்ப ஒரு நிமிடமாவது ஆகும். மானுக்கும் தப்பியோட நேரம் கொடுக்க வேண்டாமா?" என்றார். நியாயம் தெரிந்த மனிதர்.

பிறகு எந்த நாடு என்று கேட்டார். இலங்கைத் தமிழன் என்றேன்.

"போன கிழமை யுத்தம் முடிந்துவிட்டதே! வாழ்த்துகள்."

கூட வந்த ரவி அண்ணை என் காதுக்குள், "கதையை வளக்காதை. தாங்ஸ் எண்டு சொல்லிப்போட்டு வா" என்றார்.

சொன்னேன்.

அந்த யுத்தம் முடிந்த வன்னியில் இருந்த அக்கா குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களே, உங்களையும் யாராவது வாழ்த்தினார்களா? நீங்களும் நன்றி சொன்னீர்களா?