மலை மறைத்த பொழுது

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் பாடச் சொன்னவர்கள் உண்டு, நடந்து காட்டச் சொன்னவர்கள் உண்டு. மிளகாய் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அறுபதுகளின் நடுவில், செஞ்சியில், கோட்டைக்குப் போகிற சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. சிரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. என் அப்பாவின், அதாவது நைனாவின் அண்ணன், எங்கள் பெரியநைனா, கடைசியாக ஒரு முடிவு சொல்லிவிட்டார். இந்த வரனும் தட்டிப் போனால் தை மாதமே என்னைப் பனமலைப் பக்கத்து மனிதருக்குக் கொடுத்துவிடுவது. அவர் மனைவியை இழந்தவர். நிலம் நீச்சு உண்டு. தங்கமான மனுஷர் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவருடைய மூத்த மகளும் நானும் ஒரே உயரம். ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பெண் என் பக்கத்தில் நின்று பூ வைத்துக்கொண்டபோதே அதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு நான் அம்மாவாக வேண்டுமாம்.

இந்த வரன் திண்டிவனம். பையன் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. மேலே ஒரு பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். எங்களைப் போலவே அவர்களும் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் போடாத குடும்பம்.

பெண் பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். யாரும் வாய்திறந்து சரி, வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இலையில் சாப்பிட்டார்களா, இலை போட்டபடியே கிடந்ததா என்று பக்கத்து வீட்டு ஜன்னல்கள் பார்த்துக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் சாப்பிட முடியாது என்பதால் அவர்கள் மத்தியானமே வந்து, வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. சொஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, எலுமிச்சம்பழ சாதம் எல்லாம் தயாராக இருந்தன.

நைனா ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும் ஞாயிறு எது என்று பார்த்தவர், அது அமாவாசை என்பதை யோசிக்கவில்லை. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊர் ஊராக ஜனம் கிளம்பும். எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இருக்காது. மத்தியானம் வரவேண்டியவர்கள் வரவில்லை. நான் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பயத்தில் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. நைனா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. கசங்கிய சட்டைகள், களைத்த முகங்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா. அப்பா இல்லாத பையனை வளர்த்தவர் சித்தப்பாதான் என்பதால் அவர் வார்த்தைதான் அந்த வீட்டில் செல்லும். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். எல்லோரிடமும் கேள்வி கேட்பது அவருக்கு ஒரு வியாதி. பஸ் கண்டக்டரைக்கூட விட்டிருக்க மாட்டார்.

"முதல்ல சாப்டுட்டுப் பேசலாங்களே, பொழுது போவுது" என்றார் நைனா.

"இருக்கட்டும். பொண்ணுக்குப் பொது அறிவு எப்படின்னு பாத்துக்குவோம். எங்க பையன் பரீட்சைக்குப் படிக்கிறவன். வூட்ல பேச்சுத் துணை வேணும் இல்லியா" என்றார் சித்தப்பா.

முதல் கேள்வி மிளகாய். எனக்குத் தெரியும். நைனாவுக்கு மளிகைக் கடை. பொட்டலம் மடிக்க வரும் பழைய பேப்பர்களைக் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவது என் பழக்கம். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது என்றேன். அதற்கு முன்னால் நம் ஆட்கள் காரத்துக்கு என்ன செய்தார்கள் என்றார். மிளகு என்றேன். அவர் தலையாட்டினார். எங்கள் அம்மா சமையலறைக் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூங்கில் எத்தினி வருஷத்துக்கு ஒருவாட்டி பூக்கும்?"

இந்தக் கேள்வியையும் படித்திருந்தேன். ஆனால் கேள்வி ஒரு மூலையில் இருக்கும், விடை இன்னொரு மூலையில் தலைகீழாக அச்சாகியிருக்கும். அந்த மூலை அரைப்படி துவரம்பருப்போடு யார் வீட்டுக்கோ போய்விட்டது.

"கேள்வி தெரியும். பதில் பொட்டலத்தோட போயிடுச்சி" என்றேன்.

நைனா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை சட்டென்று குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா, சலித்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

சித்தப்பா விடவில்லை. இந்தக் கோட்டையை யார் யார் ஆண்டார்கள், வரிசையாகச் சொல் என்றார். கோன்கள், நாயக்கர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று ஒப்பித்தேன். "பீஜப்பூர விட்டுட்டியே" என்றார். இத்தனை பேர் வந்து முற்றுகை போட்ட ஊர்தான், ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தை முற்றுகையிட்டவர் இவர் ஒருவர்தான். ஜன்னல் வழியாக மேற்கே கோட்டை மலையான ராஜகிரியைப் பார்த்தேன். சூரியன் மலைத் தலையைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

"தமிழ்ல பேசும்படம் எந்த வருஷம் வந்துச்சி?"

முப்பத்தொன்று. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பெண் சினிமாப் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் மக்கு என்பார்கள். நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். தெரியாது என்றேன். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சரி, உருளைக்கிழங்கு வேரா, தண்டா?"

எங்கள் வீடுகளில் மண்ணுக்குள் விளையும் கிழங்கைத் தொடமாட்டோம். தண்டு என்றால் அப்புறம் ஏன் சாப்பிடுவதில்லை என்று மடக்குவார். வேர் என்றால் தப்பு.

"தண்டுதான். மண்ணுக்குள்ள இருக்குற தண்டு. தண்டா இருந்தாலும், தோண்டி எடுத்தா எத்தினியோ உயிர் போவும். அதனால வாங்கறதில்ல."

மாப்பிள்ளையின் அம்மா முதல் முறையாகச் சிரித்தாள். சித்தப்பாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கூடம் மங்கியது. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

சித்தப்பா வெளியே பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொழுது சாஞ்சிடுச்சே. இனிமே ஒண்ணும் சாப்பிட முடியாது. தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம். சொல்லி அனுப்பறோம்."

மற்றவர்களும் எழுந்தார்கள். வெறும் இலைகள் வரிசையாகக் கிடந்தன. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். எனக்குக் காதுக்குள் பனமலை, பனமலை என்று அடித்தது. இவ்வளவு நேரம் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் பதில் சொன்னேனே, ஒரு மலை குறுக்கே நின்றதற்காக என் வாழ்க்கை போகிறதே என்று அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது.

"ஐயா, நான் ஒரு கேள்வி கேக்கலாங்களா?"

நைனா பதறிப்போய், "உள்ள போம்மா" என்றார். ஆனால் கேள்வி என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தப்பா நின்றுவிட்டார்.

"கேளு."

"சூரியன் மலைக்குப் பின்னால மறைஞ்சா அது அஸ்தமனமா?"

"இல்ல. அது மறைப்பு. பூமியோட விளிம்புக்குக் கீழ போனாத்தான் அஸ்தமனம்" என்றார், வகுப்பில் நிற்பவர் குரலில்.

"அப்போ இன்னும் அஸ்தமனம் ஆவல. எங்க ஊருல பொழுது ரெண்டுவாட்டி சாயும். தெருவுல எறங்கி சந்திரகிரி மலை உச்சியப் பாருங்க."

பிறகு மாப்பிள்ளைதான் முதலில் வாசற்படி இறங்கினார். சித்தப்பா பின்னால் போனார். ராஜகிரியின் நிழல் தெரு முழுவதும் படர்ந்திருந்தது. தெற்கே சந்திரகிரியின் மேல்பாறைகள் மட்டும் நல்ல மஞ்சள் வெயிலில் இருந்தன. ஓர் ஆடு பாறையில் நின்று மேய்வதுகூடத் தெரிந்தது. அவர்கள் ஊரில் பொழுதை மறைக்க மலை கிடையாது. வானம் மங்கினால் பொழுது போனது என்றுதான் அவர்களுக்குப் பழக்கம்.

சித்தப்பா மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தானே சொன்ன பதிலை அவரால் விழுங்க முடியவில்லை.

"தண்ணி கொண்டாங்க. கை கழுவணும்" என்றார்.

அப்புறம் நடந்ததை விருந்து என்று சொல்ல முடியாது. அம்மாவும் என் சித்தியும் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். பெரியவர்கள் ஒரு கண் இலையிலும் ஒரு கண் கதவுக்கு வெளியே மலையிலுமாக அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பாறையில் நிழல் ஏற ஏற, சாப்பாட்டின் வேகமும் ஏறியது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அவசரமாக ஊற்றியதில் மாப்பிள்ளையின் இலையோரம் தண்ணீர் சிந்தியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சாப்டீங்களா?"

அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான். வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் வெளியே உச்சியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்குது. போங்க."

செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். கிணற்றடியிலிருந்தும் சந்திரகிரி தெரியும். பின்னாலேயே வந்த அம்மா எலுமிச்சம்பழ சாதத்தை உருட்டி என் கையில் வைத்தாள். நின்றபடியே தின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, பட்டுப்புடவையில் பருக்கை சிந்தியது.

"ஏண்டி அழுவுற? அவரு இன்னா கேட்டாரு? தப்பா எதுனா கேட்டுட்டாரா?" என்றாள் அம்மா.

"சாப்டியான்னு கேட்டாரு."

அம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "சீக்கிரம் முழுங்கு" என்று இன்னொரு உருண்டையை வைத்தாள். உச்சிப் பாறையில் இன்னும் ஒரு கை அகலத்துக்கு வெயில் இருந்தது.