எலி கடித்த தடம்

எங்கள் ஏலக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்குத் தூண் என்று பெயர் வைத்தது நான்தான். ஏலத்துக்கு வரும் பொருளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பது அவள் வேலை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். கூடத்து வழக்கம் அப்படி: பொருள் மேலே இருக்கும்வரைதான் ஏலம். மணி அடிக்கும் முன்னால் கை இறங்கினால் பொருளில் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அதை அப்புறம் எந்தக் கூடமும் தொடாது. இறக்கியவளுக்கு வேலையும் போகும்.

நான் ரசீது ஜன்னலில் உட்காருகிறவள். இதற்கு ஒரு மனுஷியை நிறுத்துவதைவிடச் சுவரில் ஆணி அடிக்கலாமே என்று மேலாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆணிக்கு மரியாதை தெரியாதும்மா" என்பார். நகைச்சுவை என்று நினைப்பு.

அன்று காலை மேசைக்கு வந்தது ஒரு பழைய அரசியல் புத்தகம். கூலிக்காரர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று சொன்னதற்காக அந்தக் கால அரசாங்கம் தேடித்தேடிக் கொளுத்தியது. தப்பியது ஒன்றிரண்டுதான். விவரச்சீட்டில் "அட்டை மூலையில் எலி கடித்த தடம்" என்று போட்டிருந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"எலி இல்லடி, நான்தான்" என்றாள்.

அவள் அப்பா அந்தப் புத்தகத்துக்கு அச்சுக் கோத்தவர். போலீஸ் வீட்டைப் புரட்டிப்போட்டபோது அவள் அம்மா அதை இவள் கிடந்த தொட்டில் துணிக்கடியில் செருகினாள். பல் முளைக்கிற பிள்ளை சும்மா இருக்குமா? அப்பா சிறைக்குப் போனார், புத்தகம் பிழைத்தது. அவர் திரும்பி வந்த நாளிலிருந்து அது அவர் தலையணைக்கடியில்தான் இருந்தது. போன வாரம் காணாமல் போனது. கேட்டதற்கு, யாரோ படிக்க வாங்கிப் போயிருக்கிறார் என்றாராம்.

"தம்பி வேலைதான். வித்துடலாம், வித்துடலாம்னு உயிரை எடுத்துட்டிருந்தான். அப்பா அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டாரு."

விற்பவர் யார் என்று மேலாளரைத் தவிர யாருக்கும் தெரியாது, கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார். ஏலம் முடியும்வரை எங்கள் கைபேசிகளும் அவர் அலமாரியில் பூட்டியிருக்கும். ஊழியர் ஏலம் கேட்கவும் கூடாது. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. இவளுக்கு நாலு பக்கமும் சுவர்.

அக்கா புத்தகத்தைத் தூக்கினாள். முன்வரிசையில் இரண்டு பேர் விடாப்பிடியாக விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஏலம் முடிந்தால் புத்தகம் போய்விடும், முடியாவிட்டால் அவள் அப்படியே நிற்க வேண்டும். எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஏலக்காரர் மணிக்கயிற்றைப் பிடித்தார். "கடைசித் தடவை..."

அக்கா கையை இறக்கிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க முடிந்தது. மத்தியானத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தின்மேல் "விலக்கப்பட்டது" என்று சீட்டு ஒட்டினார்கள்.

நானும் அவளோடு வீட்டுக்குப் போனேன். வாசலில் தம்பி நின்றிருந்தான்.

"அப்பா இருக்கும்போதே விக்கத் துணிஞ்சிட்டியேடா!" என்று பாய்ந்தாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

உள்ளே அப்பா சலவைச் சட்டை போட்டு, தலைசீவி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அவனை ஏம்மா திட்டறே? அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் குடுத்தேன். சொன்னா நீ விட்டிருக்க மாட்டே. நல்ல விலைக்குப் போச்சா?"

அக்கா தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாள்.

"தோள்பட்டை விட்டுப்போகுதுன்னு ராத்திரியெல்லாம் முனகுறியே, எனக்குக் கேக்காதா? அந்தப் புத்தகத்தை அன்னிக்கு நீ காப்பாத்தினே. இன்னிக்கு அது உன்னைக் காப்பாத்தட்டும்னு நினைச்சேன். இனிமே அங்க போய்க் கையைத் தூக்கிட்டு நிக்க வேண்டாம்மா."

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "நிக்க வேண்டாம்."