நான் மெழுகுவர்த்தி ஏற்றிய நாள்கள்

என் கணவர் தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடிக்கிறவர். ஒருமுறை இரண்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். பக்கத்து ஊரான கருங்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இதுக்கு முன்னே ராவும் பகலும் உறங்காம, அளவுக்கு மீறின உற்சாகமா இருந்ததுண்டா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

இருந்தது. மூன்று நாள் கண்மூடாமல் கடலுக்குப் போவார், வந்து வலை பின்னுவார், ஒரே பாட்டும் சிரிப்புமாக இருப்பார். "கடல்காரன்னா இப்படி இருக்கணும் மக்கா" என்று கடற்கரையே மெச்சும். நான் நன்றி சொல்லி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அதைப் போய் நோயென்று டாக்டரிடம் சொல்வேனா?

மனச்சோர்வு என்று மாத்திரை தந்தார். மூன்றாவது வாரம் கணவர் எழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் கொந்தளித்த கடலில் தனியாக வள்ளத்தை இறக்கினார். மற்ற வள்ளக்காரர்கள் மீட்டு வந்தபோது, கயிற்றில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

"அந்த உற்சாகமும் இந்தப் படுக்கையும் ஒரே நோயம்மா. சோர்வுக்கு மட்டும் தந்த மாத்திரை அந்த உற்சாகத்தைக் கிளப்பி விட்டிருக்கு. முன்னமே சொல்லியிருந்தா வேற மருந்து தந்திருப்பேன்" என்றார் டாக்டர்.

நேற்று மீன் கழுவிக்கொண்டே கணவர் பாடினார். "ஏட்டி, என்ன அப்படிப் பாக்கே?" என்று சிரித்தார். நான் உள்ளே ஓடி, டாக்டர் மாற்றித் தந்த மாத்திரையை விழுங்கினாரா என்று அட்டையை எடுத்துப் பார்த்தேன். பாட்டு நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.