கேட்டுக்கு வெளியே செசிலி

என் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதும் செசிலி பள்ளிக் கேட்டருகே போய் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் பார்ப்பாள். ஷூ ஈரமாக இருந்தால் அது, டெல்லியில் தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் பிள்ளை. தண்ணீர் லாரியில் குடம் பிடித்து வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறது.

என் தங்கை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த இந்தப் பங்குப் பள்ளிக்குத் தொண்ணூற்றெட்டில் முதல்வரானாள். பெற்றோர் பழக்கத்தில் இன்னும் ‘சிஸ்டர்ஜி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “கூப்பிட்டுட்டுப் போகட்டும்ணே. எம் புருஷன் காதுல விழாம இருந்தா சரி” என்பாள்.

முதல்வர் அவள் என்றாலும் கடைசி முடிவு தாளாளரான பங்குத்தந்தை அருள்ராஜுடையது. காரில் வரும் பிள்ளைகள் பிரார்த்தனை முடிந்தபின் சாவகாசமாக வந்து இறங்கியதால், மணியடித்ததும் கேட்டைப் பூட்டச் சொன்னவள் செசிலியேதான். மூன்றாம் முறை தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. கார்கள் ஒரே வாரத்தில் திருந்தின. தண்ணீர் லாரி திருந்தவில்லை.

“கேம்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தெறந்துவிடட்டுமா, ஃபாதர்?”

“அப்புறம் கார்க்காரங்க எங்கிட்டல்ல சண்டைக்கு வருவாங்க? ரூல் போட்டது நீங்கதானே, டீச்சர்!”

அதன்பின் ஸ்கூட்டரில் அவள் பேச்சே குறைந்துபோயிற்று. லஜ்பத் நகர் சிக்னலில் ஒருநாள், “அவசரப்பட்டுட்டேன்ணே” என்றாள்.

கேம்ப்பிலிருந்து வரும் நாலாம் வகுப்பு இளவரசிக்கு இரண்டு தாமதம் ஆகியிருந்தது. “ஒரு தடவை திருப்பி அனுப்புனீங்கன்னாலும் எங்கூடப் பாத்திரம் தேய்க்க வந்துருவா, சிஸ்டர்ஜி. படிச்சது போதும்” என்று அவள் அம்மா பாப்பம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இந்த ஜனவரியில், எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனியில், மணி அடித்தது. இளவரசியைக் காணோம். கேட் காவலாளியான சௌகிதார் பூட்டுச் சங்கிலியை எடுத்தார். செசிலி கேட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றுகொண்டாள்.

“பந்த் கரோ, பையா” என்று பூட்டச் சொன்னாள்.

அவர் விழித்தார்.

“ஜல்தி!”

பூட்டு விழுந்த பிறகுதான் இளவரசி வந்தாள், ஷூவில் தண்ணீர் சளசளக்க. பூசை முடித்து வந்த ஃபாதர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“என்ன டீச்சர் இது?”

“நானும் லேட்டு, ஃபாதர். அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க.”

ஃபாதர் சௌகிதாரைப் பார்த்தார். சௌகிதார் சாவியைப் பார்த்தார். உள்ளே பிரார்த்தனை தொடங்கிவிட்டது. செசிலி இளவரசியின் புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பூட்டிய கேட்டைப் பார்த்துச் சிலுவை அடையாளம் வரைந்தாள்.