அவருக்காக மணந்து பார்த்த கோப்பி

என் கணவருக்கு மூக்கில் மணம் தெரியாமல் போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் நாங்கள் அந்தப் பயணம் போனோம். ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு கிழமையில் மாறியது. மணம் மட்டும் திரும்பவில்லை. மணம் போனால் ருசியிலும் முக்கால்வாசி போய்விடும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் கோப்பிப் பைத்தியம். மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு மேசை முழுக்க அவருடைய சாமான்கள்தான்: கொட்டை அரைக்கும் மெஷின், சின்னத் தராசு, மூக்கு நீண்ட கேத்தில். வேலையிலிருந்து ஓய்வு எடுத்ததும் சியோல், தாய்பே, சியாங் மாய் என்று போய், தாங்களே கொட்டை வறுத்துக் கோப்பி போடும் சின்னக் கடைகளாகப் பார்த்துக் குடிக்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கடைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். நான் தேத்தண்ணி ஆள். பயணத்தை விட்டுவிடுவோமா என்று கேட்டேன். அங்கே போய் நல்ல கோப்பியை மணந்தால் ஒருவேளை திரும்பி வரும் என்றார். டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

சியோலில் முதல் கடையில் ஐந்தே ஐந்து கதிரைகள். கடைக்காரப் பெண் அரைத்த தூளைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, மணந்து பார்க்கும்படி நீட்டினாள். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நல்ல மணம் என்றேன்.

“நல்லதெண்டு மட்டும் சொல்லாதையும். என்ன மாதிரி எண்டு சொல்லும்.”

தோடம்பழத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அப்படி என்றேன். அவர் அதை நினைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குடித்தார். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. தாய்பேயில் ஆறு கடைகள். வறுத்த கச்சான், புளி, புதுச் சப்பாத்துப் பெட்டி என்று மனதில் பட்டதையெல்லாம் சொன்னேன். சப்பாத்துப் பெட்டிக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். வந்தது நல்லதுதான் என்று அன்று நினைத்தேன்.

சியாங் மாயில் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. அவர் எல்லாவற்றையும்விட ஆசைப்பட்ட கடை அங்கேதான் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. கிண்ணத்தை மூக்கருகில் பிடித்து, பலாப்பழம் மாதிரி என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“உமக்கும் மணக்கேல்லை, என்ன?”

ஓம் என்றேன். இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டார். அதெல்லாம் உண்மை, இன்றைக்கு மட்டும்தான் இப்படி என்றேன். நம்பினாரோ தெரியாது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தாயின் செத்தவீட்டில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. கடைக்காரர் இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மிச்சம் மூன்று நாளும் நாங்கள் எந்தக் கடையையும் தேடவில்லை.

வீடு திரும்பிய கிழமையே மெஷினையும் தராசையும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். வைத்திருப்போமே என்று நான் கெஞ்சிப் பார்த்தேன்.

“பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருக்கப்பா. விடும்.”

இப்போது காலையில் இருவருக்கும் இஞ்சித் தேத்தண்ணிதான். இஞ்சியின் காரம் நாக்கில் உறைப்பது அவருக்குத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறார். தட்டிப் போடுகிறேன்.