அக்கா தங்காத வீடு

அப்பா எங்களுக்கு விட்டுப்போன வீடு சங்கரன்கோவிலில் ரயிலடிக்குப் போகும் வழியில் இருக்கிறது. பாதி எனக்கு, பாதி அக்காவுக்கு. இன்று அது, அடி பொறுக்காமல் வெளியேறி வரும் பெண்கள் தங்கும் இல்லம். ஆசிரியை வேலையை விட்டுவிட்டு அதைத் தொடங்கினேன். பெண்களின் உரிமைக்காக உழைப்பவர் என்று கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். அக்காவை நினைத்துத்தான் தொடங்கினேன் என்று எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.

அக்காவைத் திருவேங்கடத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தானுக்குக் கரிசல் நிலம், உரக்கடை, சர்ச் சபையில் நல்ல மரியாதை. ஒரு விடுமுறையில் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றபோது, அக்கா இடது கையால் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

"கதவு இடிச்சிட்டு."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்தே இப்படித்தாண்டி. யார்ட்டயும் சொல்லிராத."

இப்போதே கிளம்பு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டு பொட்டப்பிள்ளைகள வச்சிக்கிட்டு எங்கட்டி வர? அதுகள ஒருத்தன் கையில பிடிச்சிக் கொடுக்க வேண்டாமா?" பிறகு அவளே சொன்னாள். "என்னால முடியாது. வர முடியுதவளுகளுக்காவது ஒரு இடம் வேணும்லா. அப்பா வீட்ட அதுக்கு எடுத்துக்கோ."

அவள் பங்கை எழுதித் தருவதற்கு அத்தான் குறுக்கே நிற்பார் என்று பயந்தேன். அதற்கும் அவள்தான் வழி சொன்னாள். "தெறப்பு விழாவுல அவுகள மேடையில உக்கார வையி. பேரு கிடைக்கும்னா தடுக்க மாட்டாவ."

அப்படியே நடந்தது. அத்தானுக்குப் பொன்னாடை போர்த்தினோம். "பெண்ணிடம் கை நீட்டுகிறவன் ஆண்மகனே இல்லை" என்று அவர் மைக்கில் முழங்கினார். கூட்டம் கை தட்டியது. அந்த வெயிலிலும் முழங்கை மறையும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்த அக்காவும் தட்டினாள். விழா முடிந்ததும் அடுக்களைக்குள் போய் அழுதேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஏட்டி, வீடு கிடைச்சிட்டுல்லா. கண்ணத் தொடச்சிக்கோ."

பெண்கள் வரத் தொடங்கினார்கள். விசைத்தறிக் கூடங்களிலிருந்து, குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்து, கையில் பிள்ளையோடு, சில நேரம் செருப்புகூட இல்லாமல். அவர்களோடு காவல் நிலையம் போனேன், கோர்ட் வாசலில் காத்துக் கிடந்தேன், ஊர்ப் பெரியவர்களிடம் சண்டை போட்டேன். புதிதாக ஒருத்தி வந்தால் அக்காவுக்குப் போன் பண்ணுவேன். அவள் வழக்கைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். "சாப்பிடுதாளா? தூங்குதாளா?" என்பாள்.

மகள்கள் இருவருக்கும் திருமணம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனேன். "இப்ப வாக்கா."

"சின்னவ முழுகாம இருக்கா. இந்த நேரத்துல நான் வெளியேறுனா மருமகன் வீட்ல அவள என்ன பேசுவாவ? பிரசவம் முடியட்டும்."

பிரசவம் முடிந்தது. பேரனுக்குப் பெயரும் வைத்தார்கள். அக்கா வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவளாகவே வந்தாள். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். நான் சாப்பாடு எடுத்து வைப்பதற்குள் காலியாக இருந்த ஒரு கட்டிலில் படுத்து உறங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அப்படி அசந்து உறங்கி நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. எழுந்தபோது, இளையரசனேந்தலிலிருந்து வந்து தங்கியிருந்த இளம்பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்களும் வந்துட்டியளாக்கா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இல்ல மக்கா. சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அடுத்த தடவ துணிமணியோட வாரேன்டி, போதுமா?" என்று சிரித்துக்கொண்டே திருவேங்கடம் பஸ்ஸில் ஏறினாள்.

அதன்பின் நான் அவளைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் அத்தான். தலையில் அடி. நினைவு திரும்பாமலே போய்விட்டாள்.

உடற்கூறு ஆய்வு வேண்டும் என்று புகார் கொடுக்கக் கிளம்பினேன். பெரியவள் என் வழியை மறித்துக்கொண்டு அழுதாள். "சித்தி, அம்மாதான் போயிட்டாவ. அப்பாவையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" முன்பின் தெரியாத எத்தனையோ குடும்பங்களிடம் வாதாடிய நான், தூக்கி வளர்த்த பிள்ளையின் கையை விலக்கிவிட்டு நடந்தேன். புகார் கொடுத்தேன். ஆய்வும் நடந்தது, விசாரித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழுக்கி விழுந்தது என்றே முடிந்தது. பெரியவள் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

வருஷம் திரும்பியபோது திருவேங்கடம் சர்ச்சில் அக்காவுக்கு நினைவு ஆராதனை நடத்தினார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முடிந்து வெளியே வந்தபோது சின்னவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சித்தி, அம்மா ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருந்தாவளா?"

"சொன்னா மக்கா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எங்ககிட்டயும் சொல்லியிருக்கலாம்லா."

காருக்குப் பக்கத்தில் நின்று அத்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தா வாரேம்ப்பா" என்று அவள் போனாள்.