பேர் சொல்லாத ஜெபம்

முதல் சாட்சி கூண்டில் ஏறி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாவது சாட்சியும் அதையே சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனபோது பயம் வந்தது. சகோதர சகோதரிகளே, அந்தப் பயத்திலிருந்து கர்த்தர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஆட்களின் பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று முடிவில் உங்களுக்கே புரியும்.

நான் மதுரையில் அரசு வழக்கறிஞர். கூலிப்படை, கட்டப்பஞ்சாயத்து, மாமூல் கும்பல் என்று கூட்டம் சேர்ந்து குற்றம் செய்கிறவர்களின் வழக்குகள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். இந்த வேலையில் பல வருடம் இருந்தால் மனுஷன் ஒரு மாதிரி ஆகிவிடுவான். பால்காரர் ஒரு நாள் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் வந்தார் என்று யோசிப்பேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று யோசிப்பேன். என் மனைவி குளோரி, "நீங்க பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கிறவர்கிட்ட ஐடி கார்டு கேப்பீங்க" என்பாள்.

வழக்கு இதுதான். மேலூர்ப் பக்கம் கல் ஏற்றிப் போகிற லாரிகளிடம் ஒரு கும்பல் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தது. எடைமேடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் அதைப் போலீசில் சொல்லிவிட்டார். பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். மறுநாளே வேறு மாவட்டத்துக் கோர்ட்டில் மூன்று பேர் சரணடைந்தார்கள். இந்த மாதிரிக் கும்பல்களில் அது ஒரு முறை. வெட்டுகிறவன் ஒருவனாக இருப்பான், சரணடைகிறவன் இன்னொருவனாக இருப்பான். போலீஸ் பிறகு கும்பலின் தலைவனையும் பிடித்து வழக்கில் சேர்த்தது. ஆனால் வெட்டியதை நேரில் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். மிச்சம் இருந்தது எடைமேடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பேச்சியம்மாள் மட்டும்தான். அவரும் போனால் தலைவன் மாலை போட்டுக்கொண்டு வெளியே வருவான்.

சாட்சிகள் யார் என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும். சட்டம் அப்படி. ஆனால் அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது தெரியக் கூடாது. முதல் சாட்சியை நத்தத்தில் அவருடைய மாமா வீட்டில் வைத்திருந்தோம். இரண்டாவது சாட்சியை வேறோர் ஊரில். இரண்டு இடத்துக்கும் யாரோ போயிருக்கிறார்கள். கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. ஆப்பிள் பழமும் ஸ்வீட் பெட்டியும் கொண்டுபோய் வைத்துவிட்டு, "புள்ள எந்த ஸ்கூல்ல படிக்குது? வேன்லயா போகுது?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அது போதும்.

எங்களில் ஒருவர்தான் காட்டிக்கொடுக்கிறார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. யார்? கோர்ட் வேலை பார்க்கும் ஏட்டு முத்துப்பாண்டியா? சொந்த ஊர் மேலூர், அவருக்கு அங்கே அங்காளி பங்காளி ஏராளம். என் ஜூனியர் ஷாஜகானா? கோரிப்பாளையத்துப் பையன், நல்ல பையன்தான். ஆனால் கொஞ்ச நாளாகப் போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். இன்ஸ்பெக்டரா? அவர் புது பைக் வாங்கியிருந்தார். இப்படி ஒவ்வொருவரையும் குடைந்து குடைந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. ஷாஜகான் டீ கொண்டுவந்து வைத்தால் ஆறும்வரை தொடமாட்டேன்.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். பேச்சியம்மாளைத் திருவாதவூரில் அவருடைய சித்தி வீட்டில் வைத்தோம். அது எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும் தெரியும். ஏட்டிடம் திருமங்கலம் என்று சொன்னேன். ஷாஜகானிடம் உசிலம்பட்டி என்று சொன்னேன். எந்த ஊருக்கு ஸ்வீட் பெட்டி போகிறதோ அந்த ஊரைக் கேட்டவன்தான் ஆள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பேச்சியம்மாளிடமிருந்து போன். "சார், ரெண்டு பேரு நெலம் வாங்குற மாதிரி வந்து, எங்க சித்தி மகன்கிட்ட பேச்சு குடுத்துட்டுப் போறாங்க. வீட்ல எம்புட்டுப் பேரு இருக்கீங்கன்னு கேட்டாங்களாம். எனக்கு என்னமோ சரியாப் படல."

திருமங்கலமும் இல்லை, உசிலம்பட்டியும் இல்லை. திருவாதவூருக்கே போயிருக்கிறார்கள். அப்படியானால் இன்ஸ்பெக்டர். அவரும் இல்லையென்றால் நான்தான். அன்று கோர்ட் வளாகத்தில் காரைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை. "ஆண்டவரே, அந்தப் பொம்பளை என்னை நம்பி வீட்டை விட்டு வந்திருக்கு. அதுக்கு ஏதாவது ஆனா நான் எந்த முகத்தோட உம்மகிட்ட வருவேன்? காட்டிக்கொடுக்கிறது யாருன்னு எனக்குக் காட்டும். இன்னைக்கே காட்டும்." இதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

கார் கதவைத் திறந்து இறங்கினால், வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு என்று சொல்லிக்கொண்டு கூட்டமாக வெளியே வருகிறார்கள். வழக்குகள் எல்லாம் ஒத்திவைப்பு. வேறு நாளாக இருந்தால் எரிச்சல் பட்டிருப்பேன். அன்று பேசாமல் நரிமேட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை பகலில் நான் வீட்டில் இருப்பதே கிடையாது.

வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். அப்போதுதான் நினைவு வந்தது, செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் உபவாச ஜெபம். உள்ளே போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று படியிலேயே நின்றேன். குளோரி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெண்கலக் குரல்.

"ஆண்டவரே, திருவாதவூர்ல சித்தி வீட்ல ஒளிஞ்சிருக்கிற பேச்சியம்மா அக்காவுக்காக வாரோம். அந்த வீட்டைச் சுத்தி நீரே காவலா நில்லும். கடைசித் தெருவுல இருக்கிற அந்த ஓட்டு வீட்டை உம்முடைய கண் பாக்கட்டும்..."

உள்ளே இருந்த அத்தனை பெண்களும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

தினமும் சாயங்கால ஜெபத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று குளோரியிடம் சொல்வது எங்கள் வழக்கம். வழக்கைப் பற்றி மூச்சு விடமாட்டேன். ஆனால் இன்ன ஊரில் இன்னார் ஆபத்தில் இருக்கிறார் என்று சொல்வேன். ஜெபத்துக்குத்தானே என்று அதை நான் வெளியே சொன்ன கணக்கில் சேர்த்ததே இல்லை. எங்கள் போதகரோ, "பொத்தாம் பொதுவா கேக்காதீங்க. பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, குறிப்பா கேளுங்க" என்று படித்துப் படித்துச் சொல்வார். ஒரு வீட்டில் வைத்த விண்ணப்பத்தை அடுத்த வீட்டு ஜெபத்துக்கும் எடுத்துப்போவது எங்கள் சபையில் நல்ல பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஊரெல்லாம் துப்பறிந்த எனக்கு என் வீட்டு வரவேற்பறை தெரியவில்லை.

குளோரி முடித்ததும் கிரேஸ் அக்கா ஆரம்பித்தார். வயதானவர், சபையில் எல்லோருக்கும் வேண்டியவர். "தகப்பனே, எங்க அக்கா மகன் ஸ்டீபன் இன்னும் ஜெயில்ல கெடக்கான். அவனை வெளிய கொண்டுவாரும்." என் வழக்குக் கட்டிலும் அந்தப் பேர் இருக்கிறது. சரணடைந்த மூன்று பேரில் ஒருவன் ஸ்டீபன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக் கிளம்பும்வரை காத்திருந்தேன். கிரேஸ் அக்காவை மட்டும் உட்காரச் சொன்னேன். கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்காதே, கேட்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, இந்த விண்ணப்பத்தை வேற எங்கயாச்சும் ஜெபிச்சீங்களா?"

"வெள்ளிக்கிழமை மேலூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போவேன்ல தம்பி, அங்கயும் ஜெபிப்பேன். பாவம், யாரோ ஒரு பொம்பள ஒளிஞ்சு கெடக்குதேன்னு சத்தமாத்தான் ஜெபிச்சேன்."

"அங்க வேற யாரு இருப்பா?"

"ஸ்டீபன் கூட்டாளிக வருவாங்க. கேஸ் செலவெல்லாம் அவங்கதான பாக்குறாங்க. உள்ள வரமாட்டாங்க, வாசல்ல உக்காந்திருப்பாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, ரெண்டும் ஒரே கேஸா?"

அவருக்கு முன்பே தெரியாதா என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் குரல் பல நாள் ஓயவில்லை. ஆனால் கிரேஸ் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுத அழுகை நடிப்பு இல்லை. குளோரி பேயறைந்த மாதிரி சுவரோரம் நின்றாள்.

பேச்சியம்மாளை அன்றே மாற்றியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்கு வெளியூர் போயிருந்தார். காட்டிக்கொடுக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்த ஏட்டைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஜெபம் பண்ணிவிட்டுக் கூப்பிட்டேன். "ஏட்டையா, அந்தம்மா திருமங்கலத்துல இல்ல."

"தெரியும் சார்," என்றார். "நீங்க என் கண்ணைப் பாக்காம சொன்னப்பவே நெனச்சேன். இப்ப எங்க போகணும்? நான் போறேன்."

எங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்தால் ஜெபிக்கச் சொல்லிவிடுவேன். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அவர் சொன்னால் போதும் என்றேன்.

ஆனாலும் என் மூளை சும்மா இருக்குமா? குளோரியிடம், "வர்ற செவ்வாய்க்கிழமை ஜெபத்துல பேச்சியம்மா திண்டுக்கல்லுல இருக்காங்கன்னு சொல்லு. அந்தக் கும்பல் அங்க போய்த் தேடிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றேன்.

கல்யாணமான நாள் முதல் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "என்னங்க, ஆண்டவர்கிட்ட பொய் அட்ரஸ் குடுக்கச் சொல்றீங்களா?"

"ஒரு உயிரைக் காப்பாத்தத்தானே?"

"அதுக்கு நான் பேசாம இருப்பேன். பொய் சொல்லமாட்டேன்." அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள், "உமக்குத் தெரிஞ்ச ஒரு மகளுக்காக வாரோம்" என்று மட்டும் ஜெபித்தாள். பேர் இல்லை, ஊர் இல்லை. கிரேஸ் அக்காதான் முதலில் ஆமென் சொன்னாராம்.

விசாரணை நாளில் பேச்சியம்மாள் காய்கறி ஏற்றிவந்த மினி வேனில் வந்து இறங்கினார். கூண்டில் ஏறி என் முகத்தைப் பார்த்து நின்றார். வெட்டியது யார் என்று கேட்டேன். குற்றம்சாட்டப்பட்டவர்கள் நின்ற இடத்தைப் பார்த்து நேராகத் தலைவனைக் காட்டினார்.

"இவருதான்யா. என் கடையில டீ குடிச்சு முடிச்சு, கிளாஸைக் கழுவி வச்சிட்டுத்தான் போயி வெட்டுனாரு." பிறகு கூட நின்ற இருவரையும் காட்டினார். ஸ்டீபனிடம் வந்ததும் நின்றார். "இந்தத் தம்பிய நான் அங்க பாக்கவே இல்லங்கய்யா. அன்னைக்கு இது அங்க கெடையாது."

 விலை போய்விட்டாரா? ஸ்டீபன் தானாகச் சரணடைந்தவன். இந்த ஒரு விஷயத்தில் சாட்சி மாறிவிட்டார் என்று நான் எழுந்து சொன்னால் போதும், குறுக்கு விசாரணை செய்துவிடலாம். பாதி எழுந்தும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. விலை பேச யார் போயிருக்க முடியும்? இந்தம்மா எங்கே இருந்தார் என்று எனக்கே தெரியாதே. யாரும் போக முடியாதபடி கர்த்தர் அந்தக் கதவைப் பூட்டியிருந்தார். அப்படியென்றால் இவர் சொல்வது உண்மை. தலைவனுக்குப் பதிலாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவன்தான் ஸ்டீபன். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவனுக்கும் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஸ்டீபன் விடுதலை. பேச்சியம்மாள் இப்போது வேறோர் இடத்தில் கடை போட்டு நன்றாக இருக்கிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஷாஜகானுக்கு வந்த போனெல்லாம் அவன் அம்மா பெண் பார்த்த விஷயமாம். கல்யாணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டு வந்தேன்.

தீர்ப்புக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கிரேஸ் அக்கா வீட்டுக்கு வந்தார். ஜெபத்துக்கு முன் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, அந்தம்மா வாயை அடைக்க நானே வழி காட்டிட்டு வந்திருக்கேன். அடைச்சிருந்தா எம்புள்ள கடைசிவரைக்கும் உள்ளயே கெடந்திருப்பான்."  ஒரே வரவேற்பறையில் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கப்பட்ட இரண்டு ஜெபம். இரண்டுக்கும் ஒரே வாயால் பதில் தந்தார் நம் ஆண்டவர். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிற உங்களில், யாரையும் நம்ப முடியாமல் தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர்கள் இருப்பீர்கள். என்னைப் போலக் குடைந்து குடைந்து பார்த்துச் சோர்ந்திருப்பீர்கள். அவரிடம் கேளுங்கள். உங்கள் தந்திரத்தால் கண்டுபிடிக்க முடியாததை அவர் ஒரு பகல் நேரத்தில் காட்டிவிடுவார். பிறருடைய ஆபத்துக்காக ஜெபிக்கும்போது பேரையும் ஊரையும் சத்தமாகச் சொல்லாதீர்கள். ஆள் யார் என்று அவருக்குத் தெரியும்.

அன்று நானும் பெண்களோடு உட்கார்ந்து ஜெபித்தேன். பழக்கம் விடுமா, ஒரு கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். கிரேஸ் அக்கா அழுதுகொண்டே யாருக்காகவோ ஜெபித்துக்கொண்டிருந்தார். யாருக்காக என்று சொல்லவில்லை. நான் அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.